ஒன்றாம் தேதி இழுத்த வண்டி

டிராஃபிக் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, போன வாரம் என்னைப் பார்க்க வந்திருந்தபோது உங்களிடம் ஒன்றைக் கவனித்தேன். கொலை கேஸ், கடத்தல் கேஸ் என்று பேச்செடுத்தால் உங்கள் கண் விரிகிறது. நோ பார்க்கிங் கேஸ் என்றதும் சிரிப்பு வந்துவிடுகிறது. வண்டியைத் தூக்கினோம், கேஸ் எழுதினோம், சோலி முடிந்தது என்று ஒருவர் சொன்னார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். நானும் அந்த வயதில் அதைத்தான் சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேல் காக்கி போட்டவன் நான். திருடனைத் துரத்தியிருக்கிறேன், கலவரத்தில் கல்லடி பட்டிருக்கிறேன். ஆனாலும் இன்றைக்கும் என்னை விடாமல் துரத்துவது ஒரு பார்க்கிங் கேஸ்தான்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் கான்ஸ்டபிள். ஜூலை மாதம் பாதியில் என்னை ஒரு தெருவுக்கு டூட்டி போட்டார்கள். பழைய துறைமுகத்தைப் பார்த்துப் போகிற தெரு. உப்பு லாரி, கருவாட்டு வண்டி, சங்கு மூட்டை ஏற்றிய வேன் எல்லாம் அதற்குள்தான் நுழையும். ஒரு பக்கம் வண்டிகள் நின்றால் மறுபக்கம் போகலாம். இரண்டு பக்கமும் நின்றுவிட்டால் சைக்கிள்கூட நுழையாது.

அதனால் அங்கே ஒரு ஏற்பாடு. தெரு முனையில் பெயின்ட் அடித்த பெரிய பலகை ஒன்று நட்டிருந்தார்கள். ஒற்றைப்படைத் தேதிகளில் வடபுறம் நிறுத்தலாம், இரட்டைப்படைத் தேதிகளில் தென்புறம் நிறுத்தலாம் என்று அதில் எழுதியிருந்தது. அதுதான் சட்டம். ஆனால் அதை யார் படித்தார்கள்? பாதியில் போஸ்டர் ஒட்டியிருக்கும், மீதியில் சுண்ணாம்புக் கறை இருக்கும். ஆகவே எங்கள் ஸ்டேஷனில் வேறொரு வழி செய்திருந்தார்கள். 'இங்கே வண்டி நிறுத்தாதே' என்று எழுதி, இரும்புக் கால் வைத்த இரண்டு பலகைகள். தினமும் காலை ஆறு மணிக்கு டூட்டி கான்ஸ்டபிள் அந்த இரண்டையும் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இழுத்து வைக்க வேண்டும். டிரைவர்கள் தேதியைப் பார்ப்பதில்லை. இரும்புப் பலகை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் போய் நிறுத்துவார்கள்.

நானும் தேதியைப் பார்ப்பதில்லை. நேற்று இந்தப் பக்கம் என்றால் இன்று அந்தப் பக்கம். இதற்கு எதற்குக் காலண்டர்? மாடு மாதிரி வந்து இழுத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போவேன்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதியும் அப்படித்தான் செய்தேன். தென்புறம் கிடந்த பலகைகளை வடபுறம் இழுத்து வைத்தேன். ஆடிக் காற்று மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. மாதா கோயில் திருவிழா வேறு, ஊர் முழுக்கக் கூட்டம். எட்டரை மணிக்கு இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து குதித்தார். சென்னையிலிருந்து வந்திருக்கும் பெரிய அதிகாரி ஒருவர் ஒன்பதரைக்கு இந்தத் தெரு வழியாகப் போகிறார் என்றார்.

"பலகை நிக்கிற பக்கம் ஒரு ஈ, காக்கா நிக்கக் கூடாதுல. நின்னா நீ இங்கன நிக்க மாட்ட."

தெருவில் இருபது வண்டி போல இருந்தன. எல்லாம் ஒழுங்காகத் தென்புறம் நின்றன. ஒரே ஒரு வேன் மட்டும் வடபுறம், என் இரும்புப் பலகைக்குப் பத்தடி தள்ளி நின்றது. உள்ளே சங்கு மூட்டை. டிரைவரைக் காணோம். விசில் ஊதினேன், வண்டியைத் தட்டினேன், நாலு கடையில் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. மணி ஒன்பது ஆகிவிட்டது. இன்ஸ்பெக்டர் ஒரு கான்ட்ராக்டரின் கிரேன் லாரியைக் கையோடு பிடித்து வந்துவிட்டார்.

வேனின் முன்பக்கத்தைச் சங்கிலி போட்டுத் தூக்கினார்கள். பின் சக்கரத்தில் ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. அதோடு இழுத்ததில் டயர் கத்திக்கொண்டே போனது. ரோட்டில் இரண்டு கறுப்புக் கோடு விழுந்தது. பின்கதவு திறந்துகொண்டு மூட்டை ஒன்று விழுந்து அவிழ்ந்தது. சங்கு எல்லாம் நடுரோட்டில் உருண்டது. குனிந்து அவற்றைப் பொறுக்கி ஓரத்தில் எறிந்துகொண்டிருந்தபோதுதான் அந்த டிரைவர் ஓடி வந்தார். மூட்டை இறக்க ஆள் கூப்பிடக் குடோனுக்குள் போயிருக்கிறார்.

பெயர் ஞானமுத்து. நாசரேத்துக்காரர். முப்பது வயது இருக்கும். கத்தவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு அப்போது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஐயா, இன்னைக்கு ஒண்ணாந் தேதி. ஒத்தப்படை. வடபுறம் நிப்பாட்டலாம்னு போர்டுலயே போட்டிருக்குல்லா. படிச்சுட்டுத்தான் நிப்பாட்டுனேன்."

"கண்ணு முன்னால இரும்புப் பலகை நிக்கிது, அது தெரியலையால?"

"பாத்தேன்யா. அது தப்பாக் கெடக்கு. நேத்து முப்பத்தொண்ணு. நேத்தும் ஒத்தப்படை, இன்னைக்கும் ஒத்தப்படை. பலகை எடம் மாறக் கூடாது."

நான் அதைக் காதில் வாங்கவில்லை என்று சொன்னால் பொய். காதில் விழுந்தது. ஆனால் அதிகாரியின் கார் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. "எனக்கே பாடம் சொல்லுதியோ?" என்று சட்டையைப் பிடித்து அவரை ஓரத்தில் தள்ளினேன். காருக்கு சல்யூட் அடித்தேன். பிறகு லைசென்சை வாங்கிக்கொண்டு கேஸ் எழுதி, கையில் ரசீதைக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

மத்தியானம் ஞானமுத்து ஸ்டேஷனுக்கு வந்தார். வேனை அதன் முதலாளி வந்து எடுத்துப் போயிருந்தார். இவர் கேட்டது லைசென்சை. சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து எங்கள் ரைட்டர் மேஜையில் வைத்தார். புதுத் துறைமுகத்தில் டிரைவர் வேலைக்குப் பன்னிரண்டாம் தேதி இன்டர்வியூ. அசல் லைசென்ஸ் கொண்டு வர வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது.

"அசல் இல்லாமப் போனா கேட்டுக்குள்ளயே விட மாட்டாவய்யா. அஞ்சு வருசமா இதுக்கு எழுதிப் போட்டு இப்பத்தான் கார்டு வந்திருக்கு."

ரைட்டர் இரக்கமுள்ள மனுஷன்தான். அவருக்குத் தெரிந்த வழியைச் சொன்னார். "மூணாந் தேதி கோர்ட்டுக்கு வாரும். குத்தத்த ஒத்துக்கிடும். ஃபைனக் கட்டுனா அன்னைக்கே லைசென்சு கைக்கு வந்துரும்."

"வரும்யா. ஆனா லைசென்சு பின்பக்கத்துல கோர்ட்டுல குத்தம்னு எழுதித் தருவாவ. அந்த எழுத்தோட போனா கவர்மென்ட் வேலை குடுப்பாவளா? அதுவும் செய்யாத குத்தத்துக்கு?"

அவருடைய நிலைமை இதுதான். ஒப்புக்கொண்டால் லைசென்ஸ் நேரத்துக்கு வரும், கறையோடு வரும். ஒப்புக்கொள்ளாவிட்டால் விசாரணை முடிகிற வரை லைசென்ஸ் வராது. எப்படிப் பார்த்தாலும் வேலை போய்விடும். இரண்டு பக்கமும் அடைத்த தெருவில் நின்றார் அந்த மனுஷன். அவரை அங்கே நிறுத்தியது நான்.

அன்று சாயங்காலம் டூட்டி முடிந்து அந்தத் தெருவிலேயே அண்ணாச்சி கடையில் காபிக்கு உட்கார்ந்தேன். எதிரே தினசரி காலண்டர். கொட்டை எழுத்தில் 1. கிழித்த தாளில் அண்ணாச்சி யாருக்கோ முறுக்கு மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தத் தாளில் 31. அவ்வளவுதான். காபியைக் குடிக்காமலே காசை வைத்துவிட்டு எழுந்தேன்.

இருபது வண்டியும் தப்பு. நின்றதிலேயே ஒரு வண்டிதான் சரி. அந்த ஒன்றைத்தான் நான் சங்கிலி போட்டு இழுத்திருக்கிறேன்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு அந்த இரும்புப் பலகைகளுக்கு முன்னால் போய் நின்றேன். இரண்டாம் தேதி. இரட்டைப்படை. வடபுறம் நிறுத்தக் கூடாது. பலகை வடபுறம்தான் கிடக்கிறது. அதாவது நான் ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும், தப்பு தானாகச் சரியாகிவிடும். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தொடாமல் நகர்ந்தேன். கடை திறந்துகொண்டிருந்த அண்ணாச்சி குரல் கொடுத்தார்.

"என்ன போலீஸ்காரரே, இன்னைக்குப் பலகையத் தூக்கலையா? மேலுக்குச் சரியில்லையோ?"

"ஆமா அண்ணாச்சி, இடுப்புப் பிடிச்சிருக்கு" என்றேன்.

அன்றைக்கு முழுவதும் அந்தப் பதில் என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. ஞானமுத்துவின் லைசென்ஸ் அப்போது எங்கே இருந்தது என்று நினைக்கிறீர்கள்? கோர்ட்டுக்கு இன்னும் போகவில்லை. எங்கள் ரைட்டரின் மேஜை டிராயரில், நான் எழுதிய சார்ஜ் ஷீட்டோடு கிடந்தது. நான் போய், "ஏட்டய்யா, பலகை என் தப்பு" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். இரண்டு தடவை அந்த மேஜை வரை போனேன். ஒரு தடவை குண்டூசி கேட்டேன். இன்னொரு தடவை சும்மா திரும்பி வந்தேன். திட்டு வாங்குவேன், பெயர் கெடும், ஏட்டு பிரமோஷன் தள்ளிப் போகும். பயம் இவ்வளவுதான். இவ்வளவு சின்னப் பயத்துக்கு ஒரு மனுஷன் எவ்வளவு பெரிய காரியத்தைக் காவு கொடுக்கிறான் பாருங்கள்.

மூன்றாம் தேதி கோர்ட்டில் சில்லறைக் கேஸ்காரர்கள் வரிசையில் நின்றார்கள். பேரைக் கூப்பிடுவார்கள், "ஆமா எசமான்" என்பார்கள், அடுத்த ஆள். ஞானமுத்து முறை வந்ததும் "நான் குற்றம் செய்யலை" என்றார். பெஞ்ச் கிளார்க் தலைநிமிர்ந்து பார்த்தார். மாஜிஸ்ட்ரேட் விசாரணைக்குப் பத்தொன்பதாம் தேதி போட்டார். பன்னிரண்டாம் தேதி இன்டர்வியூ என்று ஞானமுத்து சொல்லிப் பார்த்தார். கோர்ட்டில் வேறு நாள் இல்லை.

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி, "என்ன, யாரும் ஏசிட்டாவளா?" என்று தினமும் கேட்பாள். ஏசியிருந்தால் தேவலை. ஐந்தாம் தேதி, மாதா கோயில் சப்பர ஊர்வல பந்தோபஸ்து முடிந்த கையோடு இன்ஸ்பெக்டரிடம் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"கிரேன் கொண்டாந்தது நானு. அந்தப் பெரியவரு ரோட்டப் பாத்து என்னப் பாராட்டிட்டுப் போயிருக்காரு. இப்பப் போயித் தப்பா இழுத்துட்டோம்னு எழுதச் சொல்லுதியா?"

"கோர்ட்டுல கேட்டா என்ன சார் சொல்ல?"

"பலகை இருந்துச்சா? இருந்துச்சு. வேன் அது பக்கத்துல நின்னுச்சா? நின்னுச்சு. இழுத்தோமா? இழுத்தோம். இதுல எதுல பொய்? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காதத நீயாச் சொல்லணும்னு ஒனக்கு என்ன வேண்டுதல?"

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பாரத்தை மேலதிகாரி தலையில் இறக்கி வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாயிற்று, இனி அவர் பாடு. இந்த நிம்மதியை நீங்களும் ஒரு நாள் ருசி பார்ப்பீர்கள். அப்போது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் சொன்னதால் அந்த ஆளுக்கு ஏதாவது கிடைத்ததா? ஞானமுத்துவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி காலையில் அவரைத் தெருவில் பார்த்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் காகித உறை. புதுத் துறைமுகத்துக்குப் பஸ் ஏறப் போகிறார் என்று தெரிந்தது. லைசென்சுக்குப் பதிலாக நான் கொடுத்த ரசீதைக் கொண்டு போகிறார். என்னைப் பார்த்துவிட்டார். நான் சட்டென்று திரும்பி, வராத லாரிக்குக் கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். மத்தியானம் அவர் திரும்பி நடந்து வந்தபோதும் அங்கேதான் நின்றேன். சட்டை கசங்கியிருந்தது. காகித உறையை மடித்துச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தார். கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

பத்தொன்பதாம் தேதி கூண்டில் ஏறினேன். சத்தியம் செய்தேன். அரசுத் தரப்பில் மூன்று கேள்வி. இன்ஸ்பெக்டர் சொன்ன மாதிரியே பதில் சொன்னேன். பலகை இருந்தது. வேன் நின்றது. இழுத்தோம். எல்லாம் உண்மை.

ஞானமுத்துவுக்கு வக்கீல் கிடையாது. "சாட்சியைக் கேள்வி கேட்கிறீரா?" என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். அவர் எழுந்து கையைக் கட்டிக்கொண்டார். இரும்புப் பலகையா, பெயின்ட் பலகையா, எது செல்லும் என்று வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதில்கூட இன்ஸ்பெக்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். ஞானமுத்து அதைக் கேட்கவே இல்லை.

"ஐயா, ஜூலை முப்பத்தொண்ணாந் தேதி இரும்புப் பலகை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

நான் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாபகமில்லை என்று சொல்லலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தினம் ஒரு பலகையை எங்கே வைத்தாய் என்றால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். எதிரே கையைக் கட்டி நின்ற மனுஷன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இருந்த வழி எல்லாம் அடைந்து, கடைசியில் என் வாய் ஒன்றுதான் மிச்சம்.

"தென்புறம்" என்றேன்.

"ஒண்ணாந் தேதி?"

"வடபுறம்."

மாஜிஸ்ட்ரேட் பேனாவை வைத்துவிட்டுச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"ரெண்டாந் தேதி?" என்று கேட்டார் ஞானமுத்து.

"வடபுறம்தான். அன்னைக்கு மாத்தலை."

"ஏன் மாற்றவில்லை?" இது மாஜிஸ்ட்ரேட்.

"முந்தின நாள் தப்பா மாத்திட்டேன்னு அதுக்குள்ள தெரிஞ்சுபோச்சு ஐயா. பழக்கத்துல மாத்திட்டேன். இவரு நிப்பாட்டுனதுதான் சரி."

கேஸ் அந்த நிமிடமே தள்ளுபடி. மாஜிஸ்ட்ரேட் என்னைப் பார்த்து, உண்மையைச் சொல்லத் துணிந்ததற்காக இரண்டு வார்த்தை நல்லதாகவும் சொன்னார். அந்த மாதக் கடைசியிலேயே என்னை ஆயுதப்படைக்குத் தூக்கி அடித்தார்கள். பெயின்ட் பலகையைச் சுரண்டிப் புதிதாக எழுதினார்கள். இரும்புப் பலகைகளைக் காயலாங்கடைக்கு அனுப்பினார்கள்.

இந்த இடத்தில் நிறுத்தினால் எனக்கு நல்ல பெயர். நம் டிபார்ட்மென்டில் பல பேர் இந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். கூண்டில் நின்று இன்ஸ்பெக்டருக்கு எதிராக உண்மை சொன்ன கான்ஸ்டபிள் என்று என் ஓய்வு விழாவில்கூட ஒருவர் மைக்கில் பேசினார். கை தட்டினார்கள். மாலையோடு நானும் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்குக் கோர்ட் வராந்தாவில் நடந்ததை அவர்கள் யாரும் பார்க்கவில்லை. ஞானமுத்து லைசென்சைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பின்பக்கம் ஒரு எழுத்தும் இல்லாமல் சுத்தமாக இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"மன்னிச்சிருங்க" என்றேன். டூட்டியில் ஒரு டிரைவரிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நீங்க மாத்திச் சொல்லியிருந்தா என்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுய்யா. அது எனக்குத் தெரியும்" என்றார். கோபம் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார். லைசென்சைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தார். இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டாந் தேதி காலையிலயே தெரிஞ்சிருச்சுன்னு சொன்னியளே. அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இந்நேரம் நான் ஹார்பர்ல வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பேன்."

பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு, நாசரேத் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.